ஐ.பி.எஸ். வயிற்றோடு குடும்பம் நடத்துவது எப்படி

எங்கள் வீட்டில் அமாவாசை என்றால் வெங்காயமும் பூண்டும் அடுப்புப் பக்கமே வராது. வாழைக்காய்ப் பொரியல், பரங்கிக்காய் சாம்பார், பாயசம், காக்காவுக்கு ஒரு உருண்டை, அப்புறம்தான் நமக்கு இலை. அன்றைக்கு ஒருநாள் மட்டும் என் வயிறு சத்தம் போடாமல் இருக்கும். இதை முதலில் கவனித்தவர் அத்தைதான். "பார்த்தியாம்மா, பெரியவங்க ஆசீர்வாதம்" என்றார். நானும் சரி என்று விட்டுவிட்டேன். அது பெரியவர்களின் ஆசீர்வாதம் மட்டுமல்ல, வெங்காயமும் அதில் சம்பந்தப்பட்டிருக்கிறது என்று புரிய எனக்கு நான்கு வருடமும் ஒரு நாற்பது பக்க நோட்டும் தேவைப்பட்டன.

நான் வங்கியில் கேஷ் கவுண்டரில் உட்காருகிறவள். வரிசையில் இருபது பேர் நிற்கும்போது வயிறு கலக்கினால் பெட்டியைப் பூட்டி, சாவியை ஒப்படைத்து, எழுந்து போவதற்குள் உயிர் போய்விடும். அந்த பயத்தில் காலையில் சாப்பிடாமல் போவேன், மதியம் இரண்டு மடங்கு சாப்பிடுவேன், மாலையில் வயிறு பானை மாதிரி உப்பி நிற்கும். ஒரு கல்யாண விருந்துக்குப் போய்வந்து மூன்று நாள் வாந்தியும் பேதியுமாகக் கிடந்ததில்தான் எல்லாம் ஆரம்பித்தது. வாந்தி நின்றது, வயிறு மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. அமீபா என்று சொல்லி மூன்று தடவை மாத்திரை கோர்ஸ் கொடுத்தார்கள். ஊரில் ஒரு பெரியம்மா, யாரோ மருந்து வைத்துவிட்டார்கள், எடுக்க வேண்டும் என்று ஒருவரிடம் கூட்டிப் போனார். குடலேற்றம் என்று ஒருவர் எண்ணெய் தடவி வயிற்றைத் தட்டினார். கடைசியில் ஒரு குடல் மருத்துவர் அரைமணி நேரம் கேள்வி கேட்டுவிட்டு ஐ.பி.எஸ். என்றார், இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம், அதாவது சட்டென்று எரிச்சலடையும் குடல். வீட்டில் சொன்னபோது மாமா, "எந்த மாவட்டத்துக்குப் போஸ்டிங்?" என்று கேட்டார். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது.

இனி நான் பட்டுத் தெரிந்துகொண்டதையும் டயட்டீஷியனிடம் கற்றுக்கொண்டதையும் சொல்கிறேன். நான் மருத்துவர் இல்லை, அதனால் முதல் வேலையே மருத்துவரைப் பார்ப்பதுதான்.

முதலில் வேறு ஏதுமில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள்

வயிறு அடிக்கடி கெட்டால் எல்லாமே ஐ.பி.எஸ். ஆகிவிடாது. மருத்துவர்கள் 2016-இல் வந்த ரோம் 4 என்ற அளவுகோலைப் பார்க்கிறார்கள். கடந்த மூன்று மாதமாக வாரத்துக்கு ஒருநாளாவது வயிற்றுவலி இருக்க வேண்டும். மலம் கழிப்பதோடு அந்த வலிக்குத் தொடர்பு இருப்பது, போகும் தடவை கூடுவது அல்லது குறைவது, மலத்தின் தன்மை மாறுவது ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு பொருந்த வேண்டும். தொந்தரவு தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். வலியே இல்லாமல் வெறும் உப்புசம் என்றால் அதற்கு வேறு பெயர்.

சில அறிகுறிகள் இருந்தால் சாப்பாட்டு ஆராய்ச்சியெல்லாம் அப்புறம். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் பேதி, விடாத காய்ச்சல், ரத்தசோகை, 45-50 வயதுக்கு மேல் முதன்முதலாக வரும் தொந்தரவு, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோயோ குடல் அழற்சி நோயோ இருந்தது, இதில் ஒன்று இருந்தாலும் உடனே போய்க் காட்டுங்கள். நம் ஊரில் குடல் காசநோயும் ஜியார்டியா போன்ற கிருமிகளும் இதே வேடத்தில் வரும். எனக்கு ரத்தப் பரிசோதனை, தைராய்டு, மலப் பரிசோதனை, கால்ப்ரொடெக்டின் என்று குடல் அழற்சியைக் காட்டும் ஒரு டெஸ்ட், அப்புறம் கோதுமையில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் குடலைக் கெடுக்கும் சீலியாக் நோய்க்கு ஒரு ரத்த டெஸ்ட் எடுத்தார்கள். இந்தக் கடைசி டெஸ்ட்டில் ஒரு விஷயம் இருக்கிறது: அதை எடுக்கும் வரை கோதுமையை நிறுத்தாதீர்கள். சப்பாத்தியை விட்டு இரண்டு மாதம் கழித்து எடுத்தால் நோய் இருந்தாலும் இல்லை என்று காட்டிவிடலாம். பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபி எல்லோருக்கும் தேவையில்லை, அதை மருத்துவர் முடிவு செய்வார்.

ரத்தத்தில் நூறு உணவுகளுக்கு ஐ.ஜி.ஜி. என்ற எதிர்ப்பொருளைப் பார்த்து, உங்களுக்கு எதெல்லாம் ஆகாது என்று பட்டியல் தரும் டெஸ்ட் ஒன்று விளம்பரத்தில் வரும். பல ஆயிரம் கேட்பார்கள். ஒரு உணவை நாம் சாப்பிட்டிருக்கிறோம் என்பதைத்தான் அது பெரும்பாலும் காட்டும், ஆகாது என்பதை அல்ல. அந்தக் காசுக்கு ஒரு வருடம் டயட்டீஷியனைப் பார்க்கலாம்.

உள்ளே என்னதான் நடக்கிறது

ஸ்கேன் சுத்தம், ரத்தம் சுத்தம், அப்புறம் ஏன் வலிக்கிறது? காலில் கொப்புளம் இருப்பவருக்குத் தினமும் போடும் அதே செருப்பு கடிக்கும், செருப்பில் கோளாறு இல்லை. அதே மாதிரி, மற்றவர்களுக்கு உறைக்காத வாயுவும் அசைவும் நம் குடல் நரம்புகளுக்கு வலியாகத் தெரிகின்றன. குடலும் மூளையும் பேசிக்கொள்வதில் ஏற்பட்ட குளறுபடி என்றுதான் இப்போது மருத்துவர்கள் இதைச் சொல்கிறார்கள். 2000-இல் கனடாவில் வாக்கர்டன் என்ற சிற்றூரில் குடிநீரில் கிருமி கலந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். அந்த மக்களை எட்டு வருடம் தொடர்ந்து கவனித்ததில், அன்று நோயில் விழுந்தவர்களிடம் ஐ.பி.எஸ். அதிகம் என்று தெரிந்தது. இதைக் கேட்டபோது எனக்கு என் கல்யாண விருந்து ஞாபகம் வந்தது. யாரும் மருந்து வைக்கவில்லை, பெரியம்மா. அந்தப் பந்தியில் ஏதோ கெட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான்.

நோட்டு போடுங்கள்

இரண்டு வாரத்துக்கு எதையும் மாற்றாதீர்கள். வழக்கம்போலச் சாப்பிட்டு, எழுதுங்கள். என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்கு, எவ்வளவு, வலி எப்போது, பத்துக்கு எத்தனை, எத்தனை தடவை போனேன், எப்படிப் போனது. இந்த "எப்படி"க்கு இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 1997-இல் போட்ட ஏழு வகை அட்டவணை ஒன்று இருக்கிறது. நம் பாஷையில் சொன்னால் 1 என்பது ஆட்டுப் புழுக்கை, 4 என்பது பழுத்த வாழைப்பழம், 7 என்பது வெறும் தண்ணீர். நடுவில் உள்ளதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். எண் போட்டு எழுதினால் கூச்சமில்லை, நோட்டை யார் எடுத்துப் பார்த்தாலும் ஏதோ பஸ் நம்பர் என்று நினைப்பார்கள்.

தூக்கம், மாதவிடாய் நாள், அலுவலகத்தில் ஆடிட் இருந்ததா, இதையும் குறியுங்கள். பெண்களில் பலருக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும் அந்த நாட்களிலும் தொந்தரவு கூடும். அந்த வாரத்தில் சாப்பிட்ட பாவத்துக்குப் பாவற்காய் மேல் பழி போடக் கூடாது.

என் நோட்டில் முதலில் எதுவும் தெரியவில்லை. ஒருநாள் இட்லி சாப்பிட்டு வலி, மறுநாள் அதே இட்லி, வலியில்லை. மூன்றாவது வாரம் டயட்டீஷியன் நோட்டைப் புரட்டி இரண்டு தேதியில் விரலை வைத்து, "இந்த ரெண்டு நாள் மட்டும் ஏன் இவ்வளவு அமைதி?" என்றார். இரண்டும் அமாவாசையும் ஏகாதசியும். அடுத்த கேள்வி, "முதல் நாள் இட்லிக்கு என்ன தொட்டுக்கொண்டீர்கள்?" சின்ன வெங்காய சாம்பார். மறுநாள்? தேங்காய்ச் சட்னி.

"ஆனால் நான் வெங்காயத்தைச் சாப்பிடுவதே இல்லையே மேடம், ஒரு வருடமாகத் தட்டில் ஓரமாக ஒதுக்கி வைத்துவிடுகிறேன்" என்றேன். அவர் சிரித்தார். வெங்காயம், பூண்டில் இருக்கும் ஃப்ரக்டான் என்ற சர்க்கரை தண்ணீரில் கரையும். சாம்பாரில் வெங்காயம் வெந்தால் அது குழம்பு முழுக்க இறங்கிவிடும், பிறகு வெங்காயத்தைப் பொறுக்கி எறிந்து என்ன பயன்? ரசத்தில் தட்டிப்போட்ட பூண்டுக்கும் இதே கதை. ஆனால் அந்தச் சர்க்கரை எண்ணெயில் கரையாது. ஆகவே பூண்டுப் பல்லை நல்லெண்ணெயில் முழுதாகப் போட்டுச் சிவக்க வறுத்து, பல்லை எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் தாளித்தால் வாசனை வரும், வயிற்றுக்குள் வில்லங்கம் வராது. எண்ணெயில் தண்ணீர் சேரும் முன்னால் பல்லை எடுத்துவிட வேண்டும், அது முக்கியம். அதை அன்றன்றைக்குச் செய்துகொள்ளுங்கள், பாட்டிலில் போட்டு வெளியே வைத்தால் பூண்டு எண்ணெயில் ஆபத்தான கிருமி வளரும். வெங்காயத்தாளில் வெள்ளைக் குமிழை விட்டுப் பச்சைப் பகுதியை மட்டும் நறுக்கிப் போட்டால் வெங்காய ருசியும் கிடைத்துவிடும்.

சின்னத் திருத்தங்கள் முதலில்

பெரிய டயட்டுக்குத் தாவும் முன்னால் இதைச் செய்யுங்கள், பாதிப் பேருக்கு இதுவே போதும் போலிருக்கிறது என்று தோன்றும் அளவுக்கு வித்தியாசம் தெரியலாம். நேரத்துக்குச் சாப்பிடுவது, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுவது, வேளையைத் தவிர்க்காமல் இருப்பது. காப்பி, டீ சேர்த்து நாளைக்கு மூன்று கப்புக்குள். எண்ணெயில் பொரித்தது, அதிகக் காரம், பாட்டில் குளிர்பானம், மது ஆகியவற்றைக் குறைப்பது. பழம் ஒருவேளைக்கு ஒரு கைப்பிடி, நாளைக்கு மூன்று தடவைக்கு மேல் வேண்டாம். குடலில் சரியாக உறிஞ்சப்படாத சர்க்கரைகளுக்கு ஃபாட்மேப் என்று பெயர், அதைப் பின்னால் சொல்கிறேன். மிளகாய் அந்தப் பட்டியலில் வராது, ஆனாலும் அதன் காரம் குடல் நரம்பை நேரடியாகத் தூண்டும். ஆந்திரா மெஸ்ஸுக்குப் போய்விட்டு மறுநாள் அழுதவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

காப்பியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஃபில்டர் காப்பியில் மூன்று வில்லன்கள் ஒரே டம்ளரில் இருக்கிறார்கள். காப்பியே குடலை முடுக்கும். பாலில் லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை. மூன்றாவது, பொடியில் கலக்கும் சிக்கரி. சிக்கரி வேரில் இனுலின் என்ற ஃப்ரக்டான் நிறைய, வறுக்கும்போது ஒரு பகுதி சிதைந்தாலும் மிச்சம் இருக்கும். நான் அரைக்கும் கடையில் போய் சிக்கரி இல்லாமல் கேட்டேன், கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். டிகாக்‌ஷன் நீர்த்துத்தான் இருந்தது, பத்து நாளில் பழகிவிட்டது. எனக்குக் காப்பியும் ஒத்துக்கொண்டது, பாலும் அரை டம்ளர் வரை ஒத்துக்கொண்டது. சிக்கரிதான் சண்டை போட்டது.

நார்ச்சத்து கூட்டுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். எந்த நார் என்று யாரும் சொல்வதில்லை. கோதுமைத் தவிடு பலருக்கு வலியையும் உப்புசத்தையும் கூட்டும். இசப்கோல் உமி கரையும் வகை, மலச்சிக்கல்காரருக்கும் பேதிக்காரருக்கும் உதவும். ஒரு டீஸ்பூனில் ஆரம்பித்து, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடித்து, வாரக்கணக்கில் மெதுவாகக் கூட்ட வேண்டும். உலர்ந்த உமியை வாயில் போட்டுக்கொள்வது தொண்டையில் அடைக்கும், அது வேண்டாம்.

ஃபாட்மேப்: மூன்று கட்டம், முதல் கட்டத்திலேயே தங்கிவிடக் கூடாது

மேலே சொன்னது போதவில்லை என்றால் அடுத்தது இது. ஃபாட்மேப் என்பது சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் கீழே இறங்கிப் போகும் சில சர்க்கரைகளின் கூட்டுப் பெயர். அவை போகும் வழியில் தண்ணீரை இழுக்கும், பெருங்குடலில் கிருமிகள் அவற்றைப் புளிக்க வைத்து வாயுவாக்கும். ராத்திரி கரைத்து வைத்த தோசை மாவு காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி நிற்குமே, அதுதான். ஆஸ்திரேலியாவில் மெல்போர்னில் இருக்கும் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் 2005 வாக்கில் பிறந்த முறை இது. அங்கே 2014-இல் வெளியான ஆய்வில் 30 ஐ.பி.எஸ். நோயாளிகளுக்கு 21 நாள் இந்த உணவையும் 21 நாள் வழக்கமான உணவையும் சமைத்தே கொடுத்துப் பார்த்தார்கள், இந்த உணவில் தொந்தரவு தெளிவாகக் குறைந்தது. அவர்களுடைய செயலியில் ஒவ்வொரு உணவுக்கும் அளவோடு பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்கு இருக்கும், காசு கொடுத்து வாங்க வேண்டும்.

முதல் கட்டம் இரண்டிலிருந்து ஆறு வாரம். வெங்காயம், பூண்டு, கோதுமை, மைதா, ரவை, சேமியா, கொண்டைக்கடலை, ராஜ்மா, பட்டாணி, பால், பால் இனிப்புகள், மாம்பழம், ஆப்பிள், தர்பூசணி, சீத்தாப்பழம், தேன், காலிஃபிளவர், மொட்டுக் காளான், முந்திரி, பிஸ்தா எல்லாம் வெளியே. சர்க்கரையில்லா சூயிங்கமும் வெளியே, அதில் சார்பிடால் என்ற இனிப்பூட்டி இருக்கும். படித்தவுடன் தலை சுற்றும். ஆனால் யோசித்துப் பாருங்கள், கோதுமையே பிரதானம் என்கிற ஊர்க்காரர்கள் படும் பாடு நமக்கில்லை. நமக்கு அரிசி இருக்கிறது. சோறு, இடியாப்பம், அரிசிப் புட்டு, அரிசி ரவை உப்புமா, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், கத்தரிக்காய், சௌசௌ, வெள்ளரிக்காய், பாலக்கீரை, முட்டை, மீன், கோழி, நிலக்கடலை, அன்னாசி, பப்பாளி, ஆரஞ்சு, கனிந்தும் கனியாத வாழைப்பழம், நெய், இஞ்சி, சீரகம், மிளகு, கறிவேப்பிலை. அளவைப் பார்த்துச் சாப்பிட்டால் இதில் நன்றாகவே குடும்பம் நடக்கும். அமாவாசைச் சமையல் தெரிந்த வீட்டுக்கு வெங்காயம் இல்லாமல் சமைப்பது புதிதா என்ன? ஒரு கிள்ளு பெருங்காயம் அந்த இடத்தை நிரப்பிவிடும். கட்டிப் பெருங்காயத்திலும் தூளிலும் மைதா சேர்ப்பார்கள், நாம் போடும் அளவுக்கு அது கணக்கில் வராது. சீலியாக் நோய் உள்ளவர்கள் மட்டும் லேபிளைப் பார்க்க வேண்டும்.

இட்லி உளுந்தும் பருப்புதானே என்று கேட்பீர்கள். ஊறவைத்து, கழுவி, புளிக்க வைக்கும்போது அந்தச் சர்க்கரை ஓரளவு குறைகிறது. இரண்டு மூன்று இட்லி பலருக்கு ஒத்துக்கொள்ளும், ஏழு இட்லி வேறு கதை. துவரம்பருப்பை நன்றாக ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் கொஞ்சம் சாதுவாகும். தயிரில் லாக்டோஸ் பாலைவிடக் குறைவு, தண்ணீர் விட்டுக் கடைந்த மோரில் இன்னும் குறைவு. தென்னிந்தியர்களில் நிறையப் பேருக்குப் பால் சர்க்கரை செரிக்காது என்பது உண்மை, ஆனால் அதனாலேயே மோரையும் விட வேண்டியதில்லை. நான் இரண்டு வருடம் மோரை விட்டிருந்தேன். வெயில் காலத்தில், திருச்சியில், மோர் இல்லாமல்! இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது, அது ஐ.பி.எஸ். எரிச்சல் இல்லை.

பாக்கெட் பொருட்களின் பின்பக்கத்தைப் படியுங்கள். சிப்ஸ், நூடுல்ஸ் மசாலா, சூப் பொடி எல்லாவற்றிலும் வெங்காயத் தூளும் பூண்டுத் தூளும் இருக்கும். ஹோட்டல் குருமா, சால்னா முழுக்க வெங்காய விழுதுதான்.

ஆறு வாரம் முடிந்தும் துளி மாற்றமில்லை என்றால் இந்த டயட் உங்களுக்கு வேலை செய்யவில்லை என்று அர்த்தம், நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள். மாற்றம் தெரிந்தால் உடனே இரண்டாம் கட்டம். இங்கேதான் நிறையப் பேர் தப்பு செய்கிறார்கள். வலி போனதும் பயந்துபோய் அதே பத்து ஐட்டத்திலேயே வருடக்கணக்கில் உட்கார்ந்துவிடுகிறார்கள். குடலில் இருக்கும் நல்ல கிருமிகளில் சிலவற்றுக்கு இந்தச் சர்க்கரைகள்தான் சாப்பாடு, நீண்ட நாள் பட்டினி போட்டால் அவை குறையும், நமக்கும் சத்துக் குறையும், கல்யாணம் காட்சிக்குப் போக முடியாமல் ஆகும்.

இரண்டாம் கட்டத்தில் மற்றதெல்லாம் முதல் கட்டம் மாதிரியே இருக்கும், ஒரு வகையை மட்டும் மூன்று நாள் சோதிப்பீர்கள். லாக்டோஸுக்குப் பால்: முதல் நாள் கால் டம்ளர், மறுநாள் அரை, மூன்றாம் நாள் ஒன்று. பிறகு இரண்டு மூன்று நாள் ஓய்வு. அடுத்தது மாம்பழமோ தேனோ. அடுத்தது சுண்டல். கோதுமை, வெங்காயம், பூண்டு மூன்றையும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும், மூன்றிலும் ஃப்ரக்டான்தான் என்றாலும் அளவு வேறு, நம் வயிறு நடந்துகொள்வதும் வேறு. ஆடிட் வாரத்திலும் மாதவிடாய் வாரத்திலும் சோதனை வைக்காதீர்கள், தீர்ப்பு தப்பாகும். என் ரிசல்ட்: பால் அரை டம்ளர் வரை சரி, மாம்பழம் இரண்டு துண்டு சரி, சுண்டல் ஒரு கைப்பிடி சரி, சப்பாத்தி இரண்டு சரி, காளான் கூடவே கூடாது. வெங்காயம் ஒரு ஸ்பூன் வதக்கியது சரி, வெங்காய ஊத்தப்பம் என்றால் அன்றைக்கு லீவு போட வேண்டியதுதான். மூன்றாம் கட்டம் என்பது இந்த ரிசல்ட்டோடு வாழ்வது, எது எவ்வளவு என்று தெரிந்து சாப்பிடுவது.

யாரிடம் போவது, என்ன கேட்பது

இதைத் தனியாகச் செய்யலாமா என்றால், செய்கிறார்கள், ஆனால் பாதியில் குழம்பி நிற்பவர்களே அதிகம். சர்க்கரை நோய், கர்ப்பம், ஏற்கெனவே மெலிந்த உடம்பு, குழந்தைகள், சாப்பாட்டைக் கண்டாலே பயம் என்கிற நிலை, இவர்கள் தனியாக இறங்கவே கூடாது. டயட்டீஷியனுக்கும் நியூட்ரிஷன் கோச் என்று போட்டுக்கொள்பவருக்கும் வித்தியாசம் உண்டு. என்ன படித்தீர்கள், பதிவு பெற்றவரா, ஐ.பி.எஸ். நோயாளிகளைப் பார்த்திருக்கிறீர்களா என்று கேளுங்கள், தப்பில்லை. கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி: "நிறுத்தியதைத் திருப்பிச் சேர்ப்பது எப்போது?" அதற்குத் தேதியோடு பதில் சொல்பவரிடம் இருங்கள். "இனிமேல் வாழ்நாள் முழுக்க இதுதான்" என்பவர், முதல் சந்திப்பிலேயே டப்பா பவுடர் விற்பவர், குடலைக் கழுவி டிடாக்ஸ் செய்கிறேன் என்பவர், மூவருக்கும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். போகும்போது நோட்டு, பழைய ரிப்போர்ட்டுகள், சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் அட்டை, நாட்டு மருந்து இருந்தால் அதுவும், எடுத்துப் போங்கள். சமைப்பவர் வேறு என்றால் அவரையும் கூட்டிப் போங்கள். அத்தை என்னோடு வந்தார், அதற்கப்புறம்தான் வீட்டில் தாளிப்பு மாறியது. நான் நூறு தடவை சொன்னது ஏறவில்லை, வெள்ளைக் கோட்டு ஒரு தடவை சொன்னது ஏறிவிட்டது.

மருந்துக்கும் இடம் இருக்கிறது. வலிக்குக் குடலைத் தளர்த்தும் மாத்திரைகள், குடலில் போய்க் கரையும் பெப்பர்மின்ட் எண்ணெய்க் கேப்ஸ்யூல், பேதிக்கு லோபெராமைடு, மலச்சிக்கலுக்கு வேறு, எல்லாம் மருத்துவர் உங்கள் வகையைப் பார்த்து எழுதுவார். லோபெராமைடைக் காய்ச்சலோ ரத்தமோ இருக்கும்போது தானாகப் போட்டுக்கொள்ளாதீர்கள். சிலருக்குக் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின் எழுதுவார்கள். மருந்துக்கடைக்காரர், "இது மன அழுத்தத்துக்குக் கொடுக்கிறதாச்சே" என்பார், நாம் பயந்து குப்பையில் போடுவோம். நானும் போட்டேன். அந்தச் சின்ன அளவில் அது குடலுக்கும் மூளைக்கும் இடையில் போகும் வலிச் செய்தியைத் தணிக்கிறது. இங்கிலாந்தில் 463 பேரை வைத்து ஆறு மாதம் நடத்திய ஆய்வு 2023-இல் வெளியானது, வெற்று மாத்திரையைவிட இது நன்றாக வேலை செய்தது. தூக்கக் கலக்கம், வாய் வறட்சி வரலாம், அதையும் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மனநல ஆலோசகர் என்றதும் எங்கள் வீட்டில் முகம் சுருங்கியது. "அவளுக்கு வயிற்றில்தானே கோளாறு?" வலி பொய் என்பதற்காக அனுப்புவதில்லை. பஸ்ஸில் ஏறும் முன்பே "வந்துவிடுமோ" என்று நினைக்க நினைக்கக் குடல் முறுக்கும், முறுக்க முறுக்க பயம் கூடும், அந்தச் சக்கரத்தை அறுக்கத்தான். அறிவாற்றல் நடத்தை சிகிச்சைக்கும், குடலை நோக்கிச் செய்யும் ஹிப்னோதெரபிக்கும் ஐ.பி.எஸ்.ஸில் நல்ல ஆய்வுகள் இருக்கின்றன, இரண்டாவதை மான்செஸ்டரில் 1984-லேயே நிரூபித்துக் காட்டினார்கள். நம் பக்கம் ஹிப்னோதெரபி தெரிந்தவர்கள் கிடைப்பது கஷ்டம். நான் போனது ஆறு அமர்வு சாதாரண ஆலோசனைதான். அங்கே கற்ற வயிற்று மூச்சை இப்போதும் கவுண்டரில் நோட்டை எண்ணிக்கொண்டே செய்கிறேன், வரிசையில் நிற்பவர்களுக்குத் தெரியாது.

வெளியே போகும் நாளில்

சாப்பிட்டவுடன் பெருங்குடல் அசைவது எல்லோருக்கும் இயற்கை, காலையில் அது அதிகம். அதனால் அரைமணி முன்னால் எழுந்து, கொஞ்சமாகச் சாப்பிட்டு, அவசரப்படாமல் போய்விட்டுக் கிளம்புவது பட்டினியோடு கிளம்புவதைவிட எவ்வளவோ மேல். என் பையில் எப்போதும் ஒரு மாற்று உடை, டிஷ்யூ, ஓ.ஆர்.எஸ். பாக்கெட், இரண்டு வாழைப்பழம் இருக்கும். தஞ்சாவூர் பஸ்ஸைவிட ரயிலையே பிடிப்பேன், காரணம் சொல்ல வேண்டியதில்லை. மேனேஜரிடம் விஷயத்தை ஒருநாள் தனியாகச் சொன்னேன், கூச்சமாகத்தான் இருந்தது. அடுத்த வாரமே பக்கத்துக் கவுண்டர் ஆளிடம் அவசரத்துக்குப் பெட்டியை மாற்றிக்கொள்ள ஏற்பாடு செய்தார். வேடிக்கை என்னவென்றால், எழுந்து போகலாம் என்று தெரிந்ததிலிருந்து எழுந்து போக வேண்டிய தேவை பாதியாகிவிட்டது.

பந்தியில் உட்கார்ந்தால் சோறு, நெய், அப்பளம், பொரியலில் வெங்காயம் போடாதது, மோர், இதை வைத்தே ஒப்பேற்றலாம். சாம்பாரை இலையில் விடும் கை வேகமாக வரும், நம் கை அதைவிட வேகமாக மறைக்க வேண்டும். "ஏம்மா, சாம்பார் நல்லா இல்லையா?" என்று கேட்பார்கள். டாக்டர் வேண்டாம் என்றிருக்கிறார் என்று சொல்லிவிடுங்கள், அதற்கு மேல் விளக்கப் போனால் ஆளுக்கொரு கை வைத்தியம் சொல்வார்கள்.

வயிறு காலப்போக்கில் மாறும், இன்று ஒத்துக்கொள்ளாதது ஆறு மாதம் கழித்து ஒத்துக்கொள்ளலாம், அதனால் தோற்றதை மறுபடி சின்ன அளவில் சோதிப்பது நல்லது. எனக்குப் பூண்டு பாக்கி இருக்கிறது. அடுத்த மாதம் ஒரு பல் ரசத்தில் போட்டுப் பார்ப்பதாக நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். அத்தை நல்ல நாள் பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.